வேலைக்குப் போய்விட்டு வகுப்புக்குத் திரும்புகிறவர்கள்

பிரிட்டனில் இளங்கலை படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் வீட்டில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். ஒரே பல்கலைக்கழகம், ஒரே பாடம், ஆனால் பட்டியலில் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று 3 ஆண்டுப் படிப்பு. இன்னொன்று 4 ஆண்டு, நடுவில் ஒரு வருடம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் வேலை. "அந்த ஒரு வருஷம் வீணாப் போகாதா? சீக்கிரம் முடிச்சுட்டு நேரா வேலைக்கே போயிடலாமே?" என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்விதான். எப்படியும் வாழ்நாள் முழுக்க வேலைக்குப் போகத்தான் போகிறோம். அதில் ஒரு வருடத்தைப் படிப்பை நிறுத்திவைத்துவிட்டு முன்கூட்டியே செய்வதில் என்ன லாபம்?

பயோடேட்டாவில் ஒரு வரி கூடும், அப்புறம் வேலை சுலபமாகக் கிடைக்கும் என்று வழக்கமாகப் பதில் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று: ஒரு வருடம் வேலை பார்த்த மாணவர் மறுபடி வகுப்பில் வந்து உட்காருகிறார், அவருக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு மிச்சமிருக்கிறது. பட்டம் வாங்கியபின் சேரும் எந்த வேலையிலும் இந்த வாய்ப்பு கிடைக்காது. இந்தியாவிலும் பட்டப்படிப்புக்குள் தொழிற்பயிற்சியைச் சேர்க்கும் முயற்சி இப்போது வேகமெடுத்திருப்பதால், இந்தத் திரும்பி வருதல் ஏன் அவ்வளவு முக்கியம் என்று விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் நடைமுறை. முதல் இரண்டு ஆண்டும் வழக்கமான வகுப்புகள். மூன்றாம் ஆண்டில், பெரும்பாலும் 9 முதல் 12 மாதம் வரை, மாணவர் ஒரு நிறுவனத்தில் முழுநேர ஊழியர். அடையாள அட்டை, விடுப்பு விதி, மேலாளர், பெரும்பாலான இடங்களில் சம்பளம், எல்லாம் உண்டு. நான்காம் ஆண்டு திரும்பி வந்து இறுதியாண்டுப் பாடங்களையும் புராஜெக்டையும் முடிக்க வேண்டும். வேலை பார்க்கும் வருடத்திலும் பல்கலைக்கழகப் பதிவு தொடரும். துறையிலிருந்து ஓர் ஆசிரியர் நேரில் வந்தோ வீடியோவிலோ மாணவரையும் மேலாளரையும் பார்த்துப் பேசுவார். மாணவர் குறிப்பேடு எழுத வேண்டும், கடைசியில் ஓர் அறிக்கை தர வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் அதற்கு மதிப்பெண் போடும், சில தேர்ச்சியா இல்லையா என்று மட்டும் பார்க்கும். லஃப்பரோ பல்கலைக்கழகம் அந்த வருடத்துக்கென்று தனி டிப்ளமோவே கொடுக்கிறது. சர்ரே, பாத், ஆஸ்டன், புரூனல் போன்றவையும் இந்த முறைக்குப் பேர்போனவை.

கட்டணத்தைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவரிடம் வேலை வருடத்துக்கு முழுக் கட்டண உச்சவரம்பில் 20 சதவீதம் வரைதான் வாங்கலாம். 2025-26 கல்வியாண்டில் முழுக் கட்டணத்தின் உச்சவரம்பு 9,535 பவுண்டு, வேலை வருடத்துக்கு 1,905 பவுண்டு. வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது. அந்தந்தப் பல்கலைக்கழகம் வைத்ததுதான் விலை. பொதுவாகக் குறைத்துத்தான் வாங்குவார்கள், எவ்வளவு என்பதைச் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலையைத் தேடிப் பிடிப்பது மாணவரின் பொறுப்பு. பல்கலைக்கழகம் உதவும், கையில் கொண்டுவந்து கொடுக்காது. இரண்டாம் ஆண்டு தொடங்கிய உடனேயே, செப்டம்பர், அக்டோபரில், பெரிய நிறுவனங்கள் விண்ணப்பம் வாங்க ஆரம்பித்துவிடும். பல இடங்கள் கிறிஸ்துமஸுக்குள் நிரம்பிவிடும். சின்ன நிறுவனங்கள் ஏப்ரல், மே வரைகூட ஆள் எடுக்கும். ஆன்லைன் தேர்வு, வீடியோ நேர்காணல், குழுவாக உட்காரவைத்துச் செய்யச் சொல்லும் பயிற்சிகள் என்று ஒரு சுற்று முழுதாக உண்டு. 19 வயதுப் பிள்ளை இருபது, முப்பது இடத்துக்கு எழுதிப்போட்டு, பாதிக்கு மேல் பதிலே வராமல் தவிப்பது அங்கே சாதாரணம்.

இந்த முறையின் வரலாறு கப்பல் கட்டும் ஊர்களிலும் இயந்திரப் பட்டறைகளிலும் தொடங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டு முடியும்வரை பிரிட்டனில் பொறியாளர் ஆவதற்குப் பெரும்பாலோருக்கு இருந்த வழி, பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, பகல் முழுக்க உழைத்துவிட்டு இரவு வகுப்புக்குப் போவதுதான். களைத்துப்போன உடம்போடு கணக்கும் வரைபடமும் படிப்பது எத்தனை பேருக்கு முடியும்? கப்பல் தொழிலுக்குப் பேர்போன சண்டர்லாந்து நகரின் தொழில்நுட்பக் கல்லூரி 1903-இல் படிப்பையும் தொழிற்சாலை வேலையையும் மாற்றி மாற்றி வைக்கும் பாடத்தைத் தொடங்கியது. சாண்ட்விச் படிப்பு என்று பின்னால் பெயர் பெற்ற முறை அதுதான்.

மூன்று வருடம் கழித்து, 1906-இல், அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் இதேபோன்ற ஒன்றை 27 மாணவர்களோடு தொடங்கினார். அவருடைய ஏற்பாடு சுவாரசியமானது. மாணவர்களை ஜோடி ஜோடியாகப் பிரித்தார். ஒருவர் ஒரு வாரம் தொழிற்சாலையில் இருக்கும்போது இன்னொருவர் வகுப்பில் இருப்பார். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். தொழிற்சாலைக்கு எப்போதும் ஓர் ஆள் உண்டு, கல்லூரிக்கும் எப்போதும் ஒரு மாணவர் உண்டு. பொறியியலில் வகுப்பறைக்குள் கற்றுக்கொடுக்கவே முடியாத ஒரு பகுதி இருக்கிறது, அதை வேலையிடத்தில்தான் கற்க முடியும் என்பது ஷ்னைடரின் வாதம். அவர் மாணவர்களைப் பட்டம் முடிந்தபின் பட்டறைக்கு அனுப்பவில்லை, வாராவாரம் வகுப்புக்குத் திரும்ப வரவழைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், தொழில்நுட்ப ஆட்கள் போதவில்லை என்ற கவலை பிரிட்டனைப் பிடித்தது. 1955-இல் தொழில்நுட்ப விருதுகளுக்கான தேசிய மன்றம் அமைந்தது. அதன் தலைவர் ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனத்தை நடத்திய ஹைவ்ஸ் பிரபு. பட்டத்துக்கு நிகரான ஒரு தொழில்நுட்ப டிப்ளமோவை அந்த மன்றம் கொண்டுவந்தது. தொழிற்சாலைப் பயிற்சி அந்தப் படிப்பின் கட்டாயப் பகுதி. 1956-இல் வந்த அரசின் வெள்ளை அறிக்கை உயர் தொழில்நுட்பக் கல்லூரிகளை உருவாக்கியது. 1963-இல் உயர்கல்வியை ஆராய்ந்த ராபின்ஸ் குழு அவற்றைப் பல்கலைக்கழகங்களாக்கப் பரிந்துரைத்தது. 1966-ஐ ஒட்டி பாத், சர்ரே, ஆஸ்டன், லஃப்பரோ, புரூனல் எல்லாம் பல்கலைக்கழகங்களாயின. இன்றும் வேலை வருடத்துக்குப் பேர்பெற்றவை இவையே என்பது தற்செயல் இல்லை. பட்டறையோடு பிறந்த கல்லூரிகள் பல்கலைக்கழகமானபின்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கனடாவில் 1957-இல் தொடங்கிய வாட்டர்லூ பல்கலைக்கழகம் நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் வேலை என்று மாற்றி மாற்றி நடத்தியே பேர் வாங்கியது.

பிரிட்டனில் இதில் இரண்டு வகை இருந்தது. ஆறாறு மாதமாக இரண்டு தடவை வேலைக்கு அனுப்புவது ஒன்று, மொத்தமாக ஒரு வருடம் அனுப்புவது இன்னொன்று. காலப்போக்கில் இரண்டாவதே பரவலாயிற்று. நிறுவனங்களின் கணக்கு நமக்கும் புரியக்கூடியதுதான்: புதிய ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் முதல் சில மாதங்கள் போய்விடுகின்றன, அவர் உருப்படியாக வேலை செய்ய ஆரம்பிக்கும்போது அனுப்பிவிட மனம் வராது. ஆனால் மாணவர் பக்கமிருந்து பார்த்தால், இரண்டு தடவை போய் இரண்டு தடவை திரும்புவதில் ஓர் அழகு இருந்தது. அது குறைந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, அந்த ஒரு வருடத்தில் அப்படி என்னதான் நடக்கிறது?

மெக்கானிக்கல் படிக்கும் மாணவர் இயந்திரத்தில் சுழலும் ஒரு தண்டுக்கு வரைபடம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் விட்டத்தைக் கால்குலேட்டர் காட்டிய மூன்று தசம இலக்கங்களோடு எழுதுவார். துல்லியமாக இருப்பது நல்லதுதானே! தொழிற்சாலையில் அதே வரைபடத்தைப் பார்க்கும் மூத்த தொழிலாளி, இவ்வளவு இறுக்கமான அளவு எதற்கு என்று கேட்பார். அனுமதிக்கும் வித்தியாசத்தை ஒரு படி குறைத்தால் லேத்தில் கடைந்தே முடிய வேண்டிய வேலை, நுணுக்கமாகத் தேய்த்தெடுக்கும் கிரைண்டிங் வரை போகும், அளந்து பார்க்கும் நேரம் கூடும், கழிக்கப்படும் உருப்படிகள் கூடும். வரைபடத்தில் போடும் ஒவ்வொரு எண்ணும் யாரோ ஒருவரின் நேரம், யாரோ ஒருவரின் பணம். இது பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. தேர்வில் இதற்கு மார்க்கும் வாங்கியிருப்பார். ஆனால் தான் போட்ட எண்ணால் ஒரு நாள் உற்பத்தி நின்றுபோவதைப் பார்த்தவருக்கு அதன் பொருள் வேறு.

வேதியியலோ மருந்தியலோ படிக்கும் மாணவர் மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்குப் போகிறார். கல்லூரி ஆய்வகத்தில் அளவு தவறாக வந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு ரெக்கார்டில் சரியானதை எழுதலாம், பலரும் செய்வதுதான். இங்கே தவறாக எழுதிய எண்ணை அழிக்கவே கூடாது. பழைய எண் படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, காரணமும் குறிக்க வேண்டும். எதிர்பாராத அளவு வந்தால் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி சோதிக்கவும் முடியாது. ஏன் வந்தது என்று விசாரித்து எழுதியபின்தான் அடுத்த அடி. ஒரு வருடம் இப்படி வேலை பார்த்தவர் இறுதியாண்டு ஆய்வுக்கு வரும்போது, தரவு என்பதைப் பற்றிய அவருடைய மனசாட்சியே மாறியிருக்கும்.

கணினி அறிவியல் மாணவரின் அனுபவம் இன்னொரு விதம். கல்லூரியில் ஒவ்வொரு புரோகிராமையும் அவரே முதல் வரியிலிருந்து எழுதுவார், மார்க் வாங்கியதும் அதை மறந்துவிடுவார். நிறுவனத்தில் பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிய, எழுதியவரே விட்டுப்போய்விட்ட, லட்சக்கணக்கான வரிகளுக்குள் நுழைய வேண்டும். எழுதுவதைவிட அதிக நேரம் படிப்பதில் போகும். அவர் மாற்றும் நான்கு வரியை இரண்டு பேர் பார்த்துக் குறை சொல்வார்கள். முதல் மாதம் சுருக்கென்று குத்தும். பிறகு, குறை சொல்வது தன்னை அல்ல, தன் வேலையை என்று பிடிபடும். இருபது வயதில் இதைக் கற்றுக்கொள்வது பெரிய விஷயம். நாற்பது வயதிலும் கற்காதவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு பயனைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்த வேலை எனக்கு ஒத்துவராது என்று தெரிந்துகொள்வது. கணக்கியல் படித்து ஆடிட் நிறுவனத்தில் ஒரு வருடம் இருந்துவிட்டு, இது வேண்டாம், வரித் துறைப் பக்கம் போகிறேன் என்று முடிவெடுத்தால், அவர் இழந்தது எதுவுமில்லை. திரும்பி வந்ததும் இறுதியாண்டு விருப்பப்பாடங்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அதே தெளிவு பட்டம் முடிந்து, கல்விக் கடன் தவணை தொடங்கி, வீட்டில் கல்யாணப் பேச்சும் ஆரம்பித்தபின் வந்தால், பாதை மாற்றுவது எவ்வளவு கடினம் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்.

திரும்பி வருகிறவர்களிடம் ஆசிரியர்கள் முதலில் கவனிப்பது கேள்விகளைத்தான். இரண்டாம் ஆண்டில், இது பரீட்சைக்கு வருமா என்று கேட்டவர், நான்காம் ஆண்டில், நாங்கள் இதை வேறு மாதிரி செய்தோம், ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேட்பார். புராஜெக்டுக்குத் தலைப்பைத் தேட வேண்டியதில்லை, நிறுவனத்தில் தீராமல் விட்டுவந்த சிக்கல் கையிலேயே இருக்கும். காலை ஒன்பதுக்கு ஓரிடத்தில் இருந்து பழகியதால் நேரமும் வசப்பட்டிருக்கும்.

இதெல்லாம் மதிப்பெண்ணில் தெரிகிறதா? ஆஸ்டன் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் பீட்டர் ரெட்டி, எலிசபெத் மூர்ஸ் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, வேலை வருடம் போய்வந்த மாணவர்கள் இறுதியாண்டில் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியதைக் காட்டியது. பிரிட்டனின் வேறு பல்கலைக்கழகங்களிலும் இதே திசையில் முடிவுகள் வந்திருக்கின்றன. ஆனால் உடனே ஒரு சந்தேகமும் எழும். வேலை வருடத்துக்கு விண்ணப்பித்து, நேர்காணலில் தேறி, இடம் பிடிக்கிறவர்கள் ஏற்கெனவே கெட்டிக்காரர்கள்தானே? அவர்கள் போகாமல் இருந்திருந்தாலும் நன்றாகத்தான் எழுதியிருப்பார்கள். இந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. நல்ல மாணவர்களே அதிகம் போகிறார்கள் என்பதும் உண்மை, அவர்களுடைய முந்தைய மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் கொஞ்சம் முன்னேற்றம் மிஞ்சுகிறது என்பதும் உண்மை. ஆகவே, போய்வந்தவர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு வேலை, இத்தனை பேருக்கு முதல் வகுப்பு என்று பல்கலைக்கழக விளம்பரங்கள் சொல்லும்போது, அது முழுக்க அந்த ஒரு வருடத்தின் சாதனை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேலை வாய்ப்பிலும் நேரடிப் பயன் உண்டு. நிறுவனத்தின் பார்வையில் இது ஒரு வருடம் நீளும் நேர்காணல். பிடித்த மாணவரைப் பட்டம் முடிந்ததும் வந்துவிடு என்று சொல்லி அனுப்புவது அங்கே சகஜம். அந்த உறுதியோடு இறுதியாண்டு படிப்பவருக்கு நிம்மதி எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி இதன் இருண்ட பக்கம். பிரிட்டனின் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. பட்டப்படிப்பின் கட்டாயப் பகுதியாக ஒரு வருடத்துக்கு மிகாமல் வேலை பார்க்கும் மாணவருக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. பொறியியல், கணினி, நிதித் துறைகளில் இது பெரிதாகப் பாதிப்பதில்லை. அங்கே ஆளுக்குப் போட்டி இருப்பதால் நல்ல சம்பளமே தருகிறார்கள். ஃபேஷன், ஊடகம், தொண்டு நிறுவனங்கள், உளவியல் சார்ந்த இடங்களில் போக்குவரத்துச் செலவு மட்டும் தந்து வருடம் முழுக்க வேலை வாங்குவது நடக்கிறது. லண்டனில் அறை வாடகை கொடுத்து, சம்பளமில்லாமல் ஒரு வருடம் யாரால் இருக்க முடியும்? அப்பா அம்மா கொடுக்க முடிந்தவர்களால் மட்டும்தான். அதனால், எந்தப் பிள்ளைக்கு வீட்டில் தொடர்புகளும் பணமும் இல்லையோ, எந்தப் பிள்ளைக்கு இந்த அனுபவம் மிக அதிகம் தேவையோ, அதற்கே இது கிடைக்காமல் போகிறது. இது எனக்குக் கோபமூட்டும் விஷயம். ஒருவரின் உழைப்பால் நிறுவனத்துக்குப் பயன் இருந்தால் அதற்குக் கூலி தர வேண்டும், அவர் மாணவராக இருப்பது இதற்குத் தடையாகக் கூடாது.

தனிமையும் ஒரு செலவு. கூடப் படித்தவர்கள் மூன்றாண்டில் முடித்துப் போய்விடுவார்கள். வேலை கிடைத்த ஊர் தெரியாத ஊராக இருக்கும், அங்கே தன் வயதில் வேறு யாரும் இல்லாமலும் போகலாம். திரும்பி வரும்போது வகுப்பில் பாதி முகங்கள் புதிது. அப்புறம், எல்லா மேலாளரும் நல்லவர்கள் இல்லை. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் தரவு உள்ளிடும் வேலையிலேயே வருடம் முழுக்க உட்காரவைத்தால், அதில் கற்க ஒன்றுமில்லை. இந்த இடத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து பார்க்கும் ஆசிரியர் முக்கியமாகிறார். ஒப்புக்கு ஒரு தடவை வந்துபோகிறவரா, மாணவரின் வேலையை மாற்றித் தரும்படி மேலாளரிடம் பேசக்கூடியவரா என்பதில் அந்த வருடத்தின் தலையெழுத்தே மாறும்.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகும் மாணவர்களுக்குக் கூடுதலாகச் சில உண்டு. மாணவர் விசாவில் கல்வித் தவணைக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். ஆனால் படிப்பின் அங்கமாக, மதிப்பிடப்படும் பகுதியாக இருக்கும் வேலை வருடத்துக்கு இந்த வரம்பு இல்லை, முழுநேரம் பார்க்கலாம். மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்துவிட்டுப் பாதியில் நான்காண்டுக்கு மாற விரும்பினால் விசாவையும் நீட்டிக்க வேண்டிவரும், அதனால் ஆரம்பத்திலேயே நான்காண்டுப் படிப்பாகச் சேர்வது எளிது. பாதுகாப்புத் துறை, விமானத் துறை சார்ந்த பல வேலைகள் குடியுரிமை நிபந்தனையால் நமக்குத் திறக்காது என்பதையும் முன்பே கணக்கில் கொள்ள வேண்டும்.

முதுகலைக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஓராண்டு எம்.எஸ்சி.யோடு வேலை அனுபவத்தைச் சேர்த்து இரண்டாண்டாக நீட்டிய படிப்புகள் இப்போது நிறைய வந்துவிட்டன. நம் ஊர் ஏஜென்ட் அலுவலகங்கள் சிலவற்றில் இதை விற்கும் தோரணையைப் பார்த்தால், வேலையே கையில் வந்துவிட்டது போலத் தோன்றும். அந்த வேலையைத் தேட வேண்டியது மாணவர்தான். கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? வளாகத்துக்குள்ளேயே ஒரு புராஜெக்டாக மாற்றித் தருவார்களா, ஓராண்டுப் படிப்புக்கு இறக்கிவிடுவார்களா, அப்படி இறக்கினால் விசாக் காலம் குறையுமா என்ற மூன்று கேள்விக்கும் பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான் பணம் கட்ட வேண்டும்.

நம் ஊருக்கு இந்த முறை புதிதில்லை. தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் பக்கம் சாண்ட்விச் கோர்ஸ் என்றால் பலருக்கும் தெரியும். கோவை பி.எஸ்.ஜி. போன்ற இடங்களில் நடக்கும் மூன்றரை வருட டிப்ளமோ அது. 7 செமஸ்டர், அதில் இரண்டு தடவை தொழிற்சாலைப் பயிற்சி. நடுவில் ஒரு தடவை போய்த் திரும்பிவந்து மிச்சப் பாடத்தைப் படித்துவிட்டு, கடைசியில் மறுபடியும் போவார்கள். லேத்தும் பம்பும் மோட்டாரும் பேசும் ஊரில் அது தழைத்தது இயல்புதான். அந்த டிப்ளமோ முடித்துப் பட்டறையில் நிமிர்ந்து நின்ற ஒரு தலைமுறையே கோவையில் உண்டு. ராஜஸ்தானின் பிலானியிலுள்ள பிட்ஸ் கல்வி நிறுவனமும் 1973-இல் பிராக்டிஸ் ஸ்கூல் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் இரண்டு மாதம், பின்னர் ஒரு செமஸ்டர் முழுக்க என்று இரண்டு கட்டமாக மாணவர்கள் நிறுவனங்களுக்குப் போகிறார்கள். இலங்கையில் மொரட்டுவ பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்களுக்குச் சுமார் ஆறு மாதத் தொழிற்பயிற்சி படிப்பின் பகுதியாகவே இருக்கிறது, அதை முடித்தவர்கள் இறுதியாண்டுக்குத் திரும்புகிறார்கள்.

ஆனால் தமிழ்நாட்டின் பெரும்பாலான பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகளில் நடப்பது வேறு. ஐ.வி. (இண்டஸ்ட்ரியல் விசிட்) என்று ஒரு நாள் பேருந்தில் போய், ஹெல்மெட் போட்டு ஒரு தொழிற்சாலையைச் சுற்றிவிட்டு, மிச்ச இரண்டு நாள் சுற்றுலா. இன்பிளான்ட் டிரெய்னிங் என்று இரண்டு வாரம், அதற்கும் சான்றிதழ் மட்டும் வாங்கித் தர ஆட்கள் உண்டு. கடைசி செமஸ்டரில் புராஜெக்ட், அதையும் புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிவிடலாம். உண்மையாகவே ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் போகிற நல்ல மாணவர்களும் கடைசி செமஸ்டரில்தான் போகிறார்கள். அது முடிந்ததும் படிப்பும் முடிந்துவிடுகிறது. பார்த்ததையும் தடுமாறியதையும் கொண்டுவந்து கேட்க வகுப்பு இல்லை, ஆசிரியர் இல்லை.

அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) சட்டத்தின் கதையும் இதுதான். 1961-இல் வந்த அந்தச் சட்டம் 1973 திருத்தத்தில் பட்டதாரி, டிப்ளமோ பொறியாளர்களையும் சேர்த்துக்கொண்டது. சென்னை தரமணியிலுள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் தென் மாநிலங்களுக்கு இதை நடத்துகிறது. 2019-இல் திருத்திய விதிகளில் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். எத்தனையோ குடும்பங்களுக்கு இது உதவியிருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பட்டதாரிகளுக்கு இது பட்டம் வாங்கியபின் வரும் வருடம். ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ ஒரு வருடம் ஷிப்டில் நின்றவர், தான் கற்றதை எடுத்துக்கொண்டு எந்த வகுப்புக்குப் போவார்?

இந்தப் பின்னணியில் பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் முக்கியமானது. தொழிற்பழகுநர் பயிற்சியைப் பட்டத்துக்குள்ளேயே வைக்கும் திட்டம் அது. மூன்றாண்டுப் பட்டத்தில் 1 முதல் 3 செமஸ்டர் வரை, நான்காண்டுப் பட்டத்தில் 2 முதல் 4 செமஸ்டர் வரை மாணவர் வேலையிடத்தில் இருக்கலாம். உதவித்தொகையும் உண்டு. பி.காம்., பி.ஏ. படிக்கும் சிறுநகரத்துப் பிள்ளைகளுக்கு, குறிப்பாக வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கு, இது கதவைத் திறக்கலாம். எனக்கு இருக்கும் பயம், கல்லூரிகள் நிர்வாக வசதிக்காக அந்த செமஸ்டர்களைக் கடைசியில் கொண்டுபோய் ஒட்டிவிடும் என்பது. மூன்று செமஸ்டரையும் கடைசியில் வைத்தால் அது குறைந்த கூலிக்கு ஆள் அனுப்பும் வழியாகச் சுருங்கிவிடும். மூன்றாண்டுப் படிப்பென்றால் நான்காவது செமஸ்டரில் அனுப்பி, ஐந்தாவதில் வகுப்புக்குக் கூப்பிட வேண்டும்.

கூப்பிட்டால் மட்டும் போதாது. திரும்பி வந்தவரிடம் பழைய சிலபஸையே பழைய மாதிரி ஒப்பித்தால் அவர் வகுப்பைவிட்டு மனதளவில் போய்விடுவார். பார்த்ததைச் சொல்ல அவருக்கு மேடை வேண்டும், ஜூனியர்கள் அதைக் கேட்க வேண்டும், அங்கே கண்ட சிக்கலையே இறுதி புராஜெக்டாக எடுக்க அனுமதி வேண்டும். வேலையிடத்துக்குப் போய்ப் பார்க்கும் ஆசிரியருக்கு அந்தப் பயணம் வகுப்பெடுக்கும் மணிநேரமாகக் கணக்கில் வர வேண்டும், பயணப்படியும் கிடைக்க வேண்டும். இப்போது பல தனியார் கல்லூரிகளில் ஆசிரியர் வாரம் முழுக்க வகுப்பெடுத்து, அட்மிஷன் காலத்தில் ஊர் ஊராக ஆள் பிடிக்கவும் போகிறார். அவர் தலையில் அறுபது மாணவர்களின் வேலையிடப் பொறுப்பையும் தூக்கி வைத்தால், ஒரு தொலைபேசி அழைப்போடும் ஒரு கையெழுத்தோடும் அது முடிந்துவிடும். ஓர் ஆசிரியருக்குப் பதினைந்து மாணவர்களுக்கு மேல் கொடுக்காமல் இருப்பதும், செமஸ்டருக்கு இரண்டு தடவையாவது அவரை நேரில் அனுப்புவதும் கல்லூரி நிர்வாகங்கள் இந்த வருடமே செய்யக்கூடியவைதான்.